சட்டசபையின் பொழுதும் மக்களின் பிணியும்

1879-ஆம் ஆண்டில் சென்னை இராஜதானியின் சட்டசபை இயற்றிய இரண்டாவது சட்டம் நீலகிரி ஜில்லாவைப் பற்றியது. வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் பாதுகாப்பதே அதன் நோக்கம். காட்டெருது, கடமான், வரையாடு முதலிய பெரிய விலங்குகள் தொடங்கி முயல், கானக்கோழி போன்ற சிறு உயிர்கள் வரை, ஆண்டில் எந்தக் காலத்தில் அவற்றைக் கொல்லலாகாது என்று விதிக்க அச்சட்டம் அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து மலை ஏரிகளிலும் ஓடைகளிலும் விடப்பட்ட மீன்களுக்கும் அவ்வாறே காப்பு ஏற்பட்டது. மீறுவோருக்குத் தண்டனையும் வகுக்கப்பட்டது.

இச்சட்டம் பிறந்த காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்ட பெரும் பஞ்சம் அதுவே. பெல்லாரி, கர்நூல், கடப்பை ஜில்லாக்களில் மூண்ட கொடுமை வட ஆர்க்காடு, சேலம், கோயமுத்தூர், மதுரை வரை பரவிற்று. சேலம் ஜில்லாவின் கணக்கு ஒன்றே போதும். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பத்தொன்பதரை இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் பதினாறு இலட்சமாகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் இயல்பாகப் பெருக வேண்டிய தொகை குறைந்தது என்றால், இறந்தோரும் ஊர் விட்டு ஓடியோரும் எத்தனை பேர் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். மாண்டவர்களில் பெரும் பகுதியினர் வெறும் பசியால் மட்டும் மாளவில்லை. பசியால் நலிந்த உடலில் வாந்திபேதியும் வைசூரியும் காய்ச்சலும் புகுந்து கொண்டு போயின. அதாவது அது பஞ்சம் மட்டுமன்று. ஒரு பெரும் சுகாதாரச் சீர்குலைவும் ஆகும்.

நெசவாளர்களின் நிலை அப்போது குடியானவர்களின் நிலையினும் மோசமாயிற்று. உணவு தானியத்தின் விலை ஏற ஏற, முதலில் நிற்பது துணி வாங்குதல்தான். பழங்கந்தையை உடுத்துக்கொண்டு ஒரு வருஷம் கழித்துவிடலாம். சோறின்றி ஒரு வாரம் கழியாது. ஆகவே தறி ஓட்டத் தெரிந்த கைகள் மண் சுமக்கவும் கல் உடைக்கவும் பஞ்ச நிவாரண வேலைகளுக்குச் சென்றன. அவ்வேலைக்குரிய கூலியும் 1877 ஜனவரியில் குறைக்கப்பட்டது. இந்திய சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதுமென்று வகுத்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நிற்காது என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னர் அளவு சற்று உயர்த்தப்பட்டது. நெசவாளர்களுக்கு நூல் தந்து, நெய்த துணியை வாங்கிக்கொள்ளும் உதவியும் சில இடங்களில் நடந்தது. இன்று நம் நெசவாளர் சங்கங்கள் செய்யும் காரியத்தின் மூல வடிவம் இதுவே என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அன்று அது தர்மமாக வந்தது, உரிமையாக அன்று.

இத்தகைய பஞ்சம் அடங்கிய மறு ஆண்டில்தான் கானக்கோழிக்கும் ஏரி மீனுக்கும் சட்டம் வந்தது.

இதைக் கேட்டவுடன் அச்சட்டத்தை எள்ளி நகையாடத் தோன்றும். அது நியாயமன்று. வரம்பில்லாத வேட்டையினால் நீலகிரி வரையாடு அருகி வந்த காலம் அது. பிற்காலத்தில் அவ்வினம் அடியோடு அழியாமல் நின்றதற்கு அச்சட்டமும் ஒரு காரணம் என்பர். 1972-இல் இந்தியா முழுமைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அது பயன்பட்டே வந்தது. எனவே சட்டம் தீயது என்பது நம் வாதமன்று. அற்ப மசோதாக்கள் பெரும்பாலும் தீய மசோதாக்கள் அல்ல. வரிசையில் எது முன், எது பின் என்பதே கேள்வி.

அன்றைய வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அறிய, சபையில் அமர்ந்திருந்தவர்களைப் பார்க்க வேண்டும். 1861-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி அமைந்த சபை அது. கவர்னர், அவருடைய நிர்வாக சபையினர், கவர்னரே நியமித்த சில கூடுதல் அங்கத்தினர்கள், இவ்வளவே. தேர்தல் என்பது இல்லை. தறிக்காரரோ, நிலத்தை உழுபவரோ, மலையிலே வாழும் தோடர், படகர், குறும்பர், இருளர் இவர்களில் ஒருவரோ அங்கே பேச இயலாது. அரசாங்கமோ ஆண்டுதோறும் கோடை வந்தால் அலுவலகத்தையே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறிப் பல மாதங்கள் தங்கும். அங்கே உயர் உத்தியோகஸ்தர்களின் பொழுதுபோக்கு வேட்டை. 1877-இல், பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று அமைந்தது. அவர்களுடைய குறையைக் கேட்கவேண்டியவர்களும் அவர்களோடு சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்களே. மனு எழுதி, நடந்து, காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த குறை சட்டமாயிற்று. கண்ணுக்குத் தெரியாத குறை கமிஷனுக்குப் போயிற்று: 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வெளிவந்தது, அதன் பின்னரே பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன.

பொதுச் சுகாதாரத்துக்கென ஒரு முழுமையான சட்டம் இந்த இராஜதானிக்கு எப்போது வந்தது தெரியுமா? 1939-இல். அம்மை குத்துவதற்கு 1884-இல் சட்டம் வந்தது, நகரசபைகளுக்குச் சில கடமைகள் விதிக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், தாய் சேய் நலம் ஆகிய யாவற்றையும் ஒருசேர எடுத்துக்கொண்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இராஜாஜி முதன் மந்திரியாகவும் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாகவும் இருந்த காலத்தில், ஏறக்குறைய வாக்குரிமை பெற்ற சபை ஒன்று ஏற்பட்ட பின்னரே வந்தது. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது தமிழ்நாட்டு அரசு கையில் எடுத்த ஆயுதங்களுள் அப்பழைய சட்டமும் ஒன்று. மீனுக்கும் மனிதனுக்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

இன்று எல்லோருக்கும் வாக்கு உண்டு. உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று நீலகிரிக்கு மூன்று பிரதிநிதிகள் சட்டமன்றத்தில் அமர்கின்றனர். ஆயினும் சிறியது முந்துவதும் பெரியது பிந்துவதும் நின்றபாடில்லை. காரணத்தைச் சபையின் வேலை முறையிலேயே காணலாம்.

ஒரு மசோதா சபைக்கு வந்தால் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பணம், எதிர்ப்பு, பொழுது. பெயர் மாற்றும் மசோதாவுக்குப் பலகை எழுதும் செலவைத் தவிர வேறு செலவில்லை. மருத்துவமனை கட்டும் மசோதாவுக்கோ டாக்டர், தாதி, மருந்து, கட்டிடம் என்று ஆண்டுதோறும் செலவு வளரும். அரசியல் சட்டத்தின் 207-ஆவது பிரிவின்படி, மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து செலவை உண்டாக்கும் மசோதா எதுவும் கவர்னரின் பரிந்துரை இன்றி நிறைவேறலாகாது. கவர்னரின் பரிந்துரை என்பது நடைமுறையில் மந்திரிசபையின் சம்மதமே. ஆகவே ஒரு தனி அங்கத்தினர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராயினும் சுகாதாரத்துக்கு அவர் கொண்டுவரும் மசோதா வாசற்படியிலேயே நின்றுவிடும். பாராளுமன்றத்தில் தனி அங்கத்தினர் கொண்டுவந்த மசோதாக்களில், சுதந்திரத்துக்குப் பின் பதினான்குதான் சட்டமாயின, கடைசியானது 1970-இல். அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

எதிர்ப்பின் வலிமைக்கு இராஜஸ்தான் சாட்சி. 2023 மார்ச்சில் அம்மாநிலச் சட்டசபை சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நிலையில் வரும் நோயாளியைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் உயிர்நாடி. அந்தப் பணத்தை யார் தருவது என்று தனியார் மருத்துவர்கள் பல நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் அவர்களோடு உடன்பாடு காண வேண்டியதாயிற்று. பெரிய காரியத்தைத் தொட்டால் சுடும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். சிறிய காரியம் சுடாது. புகைப்படமும் வரும்.

நம் குன்னூரைப் பற்றிய செய்தி ஒன்றை இங்கு விரித்துச் சொல்ல வேண்டும். ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் தந்த நன்கொடையைக் கொண்டு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் வெறிநாய் கடித்தால் தென்னிந்தியர் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. நஞ்சு தலைக்கேறுமுன் போய்ச் சேர்வது அவரவர் விதி. குன்னூர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்தோடு நிற்காமல், பிற்காலத்தில் குழந்தைகளுக்குரிய தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி ஆகிய மூன்றுக்குமான தடுப்பு மருந்தையும் நாட்டுக்கு உற்பத்தி செய்து தந்தது. 2008 ஜனவரியில் இந்நிலையத்துக்கும், கசௌலி நிலையத்துக்கும், சென்னை கிண்டியிலுள்ள பி. சி. ஜி. ஆய்வுக்கூடத்துக்கும் தயாரிப்பு உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. நல்ல தயாரிப்பு முறைகளுக்குரிய விதிகளுக்கு இவை இணங்கவில்லை என்பது காரணம். கட்டிடங்கள் பழையவை, இயந்திரங்கள் பழையவை என்பது மெய்யே. ஆனால் பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்க வேண்டியவர் எவரோ, அவரே பழைய கட்டிடம் என்று பூட்டினால் என்ன செய்வது? பாராளுமன்ற நிலைக்குழு இதனை ஆராய்ந்து கண்டித்தது. உரிமம் மீண்டும் கிடைத்தது 2010-இல். இரண்டு ஆண்டுகள், நாட்டின் குழந்தைகளுக்குரிய மருந்து பெரும்பாலும் தனியார் கைகளிலிருந்து வர வேண்டியதாயிற்று.

அதே 2010-இல் மற்றொரு காரியம் எவ்வளவு விரைவாக முடிந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1986-இல் ஒழிக்கப்பட்ட மேலவையை மீண்டும் அமைக்க ஏப்ரல் 12-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் செய்தது. மே மாதத்தின் முதல் வாரத்திற்குள் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அதற்குரிய மசோதாவை நிறைவேற்றிவிட்டன. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறு ஆண்டு ஆட்சி மாறியது. 2011 ஜூனில் மேலவை வேண்டாமென்று புதிய தீர்மானம். மேலவை அமையவே இல்லை. வேண்டும் என்றதிலும் வேண்டாம் என்றதிலும் செலவான பொழுதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கட்சி எதுவாயினும் இப்பழக்கம் ஒன்றே என்பதற்கு இன்னொன்றையும் சொல்லலாம்: 2017-இல் டெங்குக் காய்ச்சல் மாநிலத்தை வாட்டியது, அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரியில் மசோதாவாக நிறைவேறியது, சட்டமன்ற அங்கத்தினர்களின் மாதச் சம்பளத்தை 55 ஆயிரத்திலிருந்து ஒரு இலட்சத்து ஐயாயிரமாக உயர்த்தியது.

பெரிய விஷயம் சபைக்கு வரும்போதும் அதற்குப் பொழுது கிடைப்பதில்லை என்பது இதன் மறுபக்கம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டு 1954 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. தோட்ட முதலாளி தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்திய வசதி செய்து தர வேண்டும். தவறினால் தலைமை ஆய்வாளரே செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று அதன் பத்தாவது பிரிவு கூறியது. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் அதற்கு வேர் இப்பிரிவே. ஆனால் சட்டத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஐந்து ஹெக்டேர் நிலமும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டமே தோட்டம். நம் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தேயிலை கொண்டுவரும் அங்கத்தினரில் பெரும்பாலோர் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள். அவர்களுக்கும் அச்சட்டத்தில் இடமில்லை. அவர்களிடம் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் இல்லை. அந்த எல்லைக்கோட்டைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் எந்தச் சபையிலாவது ஒரு முழு நாள் பேச்சு நடந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இச்சட்டத்தையும் வேறு பன்னிரண்டு சட்டங்களையும் ஒன்றாய்ச் சேர்த்துப் புதிய தொகுப்புச் சட்டம் 2020 செப்டம்பரில் வந்தது. முந்தைய வடிவம் ஒன்றை நிலைக்குழு பார்த்தது உண்மையே. ஆனால் திருத்திய மசோதா செப்டம்பர் 19-இல் அறிமுகமாகி, 22-இல் மக்களவையிலும் 23-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. எதிர்க்கட்சியினர் சபையைப் புறக்கணித்திருந்தனர். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பதிலாகத் தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் வழியும் இதில் திறக்கப்பட்டுள்ளது. காப்பீட்டு அட்டை நல்லதா, தோட்டத்து டாக்டர் நல்லதா என்பது அந்த அட்டையைக் கொண்டு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல் போகவேண்டும் என்பதைப் பொறுத்தது. 2009 நவம்பரில் மலைச்சரிவுகளால் பாதைகள் துண்டிக்கப்பட்ட நாட்களை அனுபவித்த நீலகிரி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது.

காலதாமதத்தின் உச்சத்தை ஆதிவாசி மக்களிடம் காணலாம். இரத்தத்தில் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் நோய் இந்தியாவில் இருப்பதை முதன்முதலாக லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1952-இல் கண்டறிந்தது இதே நீலகிரி மலைவாழ் மக்களிடத்தில்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பிறவி நோய் இது. மூட்டு வலி, சோகை, சிறு வயதிலேயே மரணம் என்று குடும்பங்களை வாட்டுவது. கோத்தகிரியில் 1958-இல் டாக்டர் நரசிம்மன் தொடங்கிய ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் பின்னர் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையும் சொந்த முயற்சியில் சிகிச்சை செய்து வந்தன. நாடு தழுவிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1-இல். கண்டறிந்ததற்கும் தேசிய இயக்கத்துக்கும் இடையே எழுபத்தொரு ஆண்டுகள்.

நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது பிழையாகும். 2022 ஜனவரியில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை பயனுக்கு வந்தது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாய் வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வழங்குவதைப் பிற மாநிலங்கள் பார்த்துச் செய்கின்றன. 2008 முதல் ஓடும் 108 ஊர்தியும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் யாவரும் அறிந்தவை. இவற்றுள் எதுவும் நெடிய சட்டசபை விவாதத்தால் பிறந்ததன்று. அரசாணையாலும் வரவுசெலவுத் திட்டத்தாலும் வந்தவை. அரசாணையால் வந்தது அரசாணையால் போகவும் கூடும். சட்டத்தால் வந்தால் அதைக் கேட்டு வழக்காடலாம். இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

நம் சங்க மகாசபைக் கூட்டங்களிலும் இதே நோய் உண்டென்று சொன்னால் கோபிக்கலாகாது. நிகழ்ச்சி நிரலில் படத்திறப்பும் பாராட்டும் முதலில் வரும். நிலுவைக் கடனும் நூல் இருப்பும் மாலை ஐந்து மணிக்கு, பாதிப் பேர் பஸ்ஸுக்குப் புறப்பட்ட பின் வரும். நிரலைத் தயாரிக்கிறவர் எதை முதலில் எழுதுகிறாரோ அதுவே அன்றைய கூட்டம். சட்டசபைக்கும் அதுவே பொருந்தும்.

இப்போது கவனிக்க வேண்டியது இது. தொகுப்புச் சட்டத்தின் கீழ்ப் பல விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. விதிகளின் நகலை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது முறை. அதற்கு நாள் கெடு உண்டு. தோட்டத்து வைத்திய வசதி எவ்வாறு அமைய வேண்டும், சிறு விவசாயிகளிடம் வேலை செய்வோரை எப்படிச் சேர்ப்பது என்பன பற்றித் தேயிலைச் சங்கங்கள் தத்தம் நிர்வாகக் குழுவில் தீர்மானம் செய்து, கெடுவுக்குள் தொழிலாளர் துறைக்கு அனுப்பலாம். நகலை மூன்று தொகுதி அங்கத்தினர்களுக்கும் அனுப்ப வேண்டும். சுகாதார மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும் நாளுக்கு முன்பே அவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தால், வெட்டுத் தீர்மானமாகவோ கேள்வியாகவோ எழுப்ப அவர்களுக்கு வழி உண்டு. சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கு நேரே எழுதவும் தடையில்லை. மனுவில் குறையைப் பொதுவாகச் சொல்லாமல், எந்த ஊர், எத்தனை குடும்பம், அருகிலுள்ள ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், அங்கு எந்த நாட்களில் டாக்டர் இருக்கிறார் என்று எழுத வேண்டும். நெசவாளர் சங்கங்களும் தறிக்குழியில் அமர்ந்து உழைப்போரின் முதுகு வலி, பஞ்சுத் தூசியால் வரும் இருமல், கண் மங்கல் இவற்றின் கணக்கை அங்கத்தினர் பேரேட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டால், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.